மூன்றாகும்வரை காத்திருக்க வேண்டாம்

2015 ஜூலையில் பஹாமாஸ் நாட்டின் அபாக்கோ தீவில் நுங்கி என்ற பெண் குதிரை செத்தது. அதன் பின்னால் குட்டி இல்லை, துணை இல்லை, மந்தையும் இல்லை. அபாக்கோ பார்ப் என்று பெயர்பெற்ற ஓர் இனமே அந்த ஒரு சாவோடு முடிந்துபோனது. அரை நூற்றாண்டுக்கு முன் அந்தத் தீவின் பைன் காடுகளில் சுமார் 200 குதிரைகள் திரிந்தன. 1960களில் காட்டை ஊடறுத்துச் சாலை வந்தது. சாலையோடு துப்பாக்கியும் வந்தது. குதிரை மேல் ஏற முயன்ற ஒரு குழந்தை இறந்துபோக, அந்த ஆத்திரத்தில் மந்தை சுடப்பட்டதாகச் சொல்வார்கள். கடைசியில் மிஞ்சியவை மூன்றே குதிரைகள். அந்த மூன்றும் பெருகி, 1990களின் தொடக்கத்தில் 30ஐத் தாண்டியபோது இனம் பிழைத்துவிட்டது என்றே பலரும் நினைத்தார்கள். மரபணுச் சோதனை அவற்றின் ஸ்பானிய வழியை உறுதிசெய்தது. ஆர்வலர்கள் வேலி போட்டார்கள், நிதி திரட்டினார்கள், அரசும் காட்டில் இடம் ஒதுக்கியது. ஆனாலும் காட்டைவிட்டு வேளாண் பண்ணையின் கொழுத்த புல்வெளிக்குப் பழகிய குதிரைகளுக்கு உடல் பருத்தது, குளம்பு கெட்டது, பெண் குதிரைகள் சினைபிடிப்பது அருகியது. ஒவ்வொன்றாகச் சரிந்து, எஞ்சிய ஒன்றும் போனது.

அபாக்கோவின் கதையைக் கொலைக் கதையாக மட்டும் படித்தால் பாதிதான் விளங்கும். சுட்டவர்கள் 200ஐ மூன்றாக்கினார்கள். அந்த இனத்தை முழுதாக முடித்துவைத்தது அதன் பிறகு நடந்த தாமதம். மூன்று குதிரைகளிலிருந்து பெருகும் மந்தையில் எல்லாக் குட்டிகளும் ஒரே குடும்பத்தின் பிள்ளைகள். ஒரு பெண் குதிரை வயிற்றில் கரு ஏறக்குறைய 11 மாதம் தங்குகிறது. ஒரு ஈற்றுக்கு ஒரே குட்டி. ஒரு சினை தவறினால் ஓராண்டு போயிற்று. முந்நூறு குதிரைகள் உள்ள மந்தையில் அது கணக்கிலேயே வராது. ஐந்து குதிரைகள் உள்ள மந்தையில் அதுவே தலையெழுத்து. அபாக்கோவில் அன்பு குறைவாக இருக்கவில்லை, பணமும் ஓரளவு இருந்தது. அன்பும் பணமும் வந்துசேர்ந்தபோது கைவசம் போதிய குதிரைகள் இல்லை. தீவுக் குதிரைகளைக் காக்கும் வேலையை அவை அரிதாகிப்போன பிறகு தொடங்குவது, வெள்ளம் வடிந்தபின் அணை கட்டுவதைப் போன்றது.

இதை அக்கறையோடு கேட்கவேண்டிய தீவு ஒன்று பாக்கு நீரிணையில் இருக்கிறது. யாழ்ப்பாணத்தின் தீவுகளில் கடைசியாகக் கிடக்கும் நெடுந்தீவின் பரப்பு சுமார் 50 சதுர கிலோமீட்டர். குறிகட்டுவான் இறங்குதுறையிலிருந்து படகில் ஏறினால் ஏறக்குறைய ஒரு மணி நேரப் பயணம். பவளக்கல் அடுக்கிய வேலிகளுக்கும் பனைகளுக்கும் அப்பால், திறந்த புல்வெளிகளில் மட்டக்குதிரைகள் கூட்டங்கூட்டமாக மேய்கின்றன. போர்த்துக்கேயர் கொண்டுவந்தார்கள் என்பது பரவலான கூற்று. 1658-இல் யாழ்ப்பாணம் ஒல்லாந்தர் கைக்கு மாறியபின் தீவில் குதிரை வளர்ப்பு முறையாக நடந்தது. 19-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஆங்கிலேயர் காலத்திலும் தொடர்ந்தது. அந்தக் காலத்து லாயத்தின் இடிபாடுகள் இன்றும் நிற்கின்றன. தேவை தீர்ந்ததும் வளர்த்தவர்கள் போய்விட்டார்கள். விடப்பட்ட குதிரைகள் தாமே பிழைக்கக் கற்றுக்கொண்டன. இன்று அவற்றின் எண்ணிக்கை அபாக்கோவைப்போலக் கைவிரல்களுக்குள் அடங்குவதில்லை. பல நூறு இருக்கின்றன. ஆகவேதான் இப்போது பேசவேண்டியிருக்கிறது. நெடுந்தீவுக் குதிரைகளுக்கான முறையான பராமரிப்பை, அவை நூற்றுக்கணக்கில் இருக்கும் இன்றே தொடங்கவேண்டும் என்பதுதான் இந்தக் கட்டுரையின் வாதம்.

முதலில் ஒரு சொல்லைத் தெளிவாக்கிக்கொள்வோம். இவற்றைக் காட்டுக்குதிரைகள் என்று அழைக்கிறோம். காட்டு விலங்கு என்றதும், மனிதன் விலகிநின்றால் போதும், மற்றதை இயற்கை பார்த்துக்கொள்ளும் என்ற எண்ணம் கூடவே வந்துவிடுகிறது. ஆனால் இவை மனிதன் கப்பலில் ஏற்றிவந்து, வளர்த்து, பிறகு விட்டுப்போன வீட்டு விலங்கின் வழித்தோன்றல்கள். உண்மையான காட்டில் வறட்சி வந்தால் மந்தை இடம்பெயரும். நெடுந்தீவில் நாலு பக்கமும் கடல். காட்டில் வேட்டை விலங்கு எண்ணிக்கையை மட்டுப்படுத்தும். இங்கே அந்த வேலையைப் பஞ்சமும் தாகமும் செய்கின்றன. மேய்ச்சல் நிலத்தை மாடும் ஆடும் பங்கிடுகின்றன. கிணறுகளும் வேலிகளும் மனிதருடையவை. மனிதன் அமைத்த ஒரு கூட்டுக்குள் வாழும் விலங்கை, அதன் சுதந்திரத்தில் தலையிடமாட்டோம் என்று சொல்லி விட்டுவிடுவது பொறுப்பைக் கைகழுவும் வழி மட்டுமே.

எத்தனை குதிரைகள் என்று கேட்டால், பொதுவில் புழங்கும் விடை ஐந்நூறு முதல் ஆயிரம் வரை விரிகிறது. இந்த விரிவே ஓர் எச்சரிக்கை. ஒன்றுக்கு ஒன்று இரட்டிப்பாக வேறுபடும் இரு எண்களுக்கு நடுவே, ஒரு கடும் வறட்சியில் நூறு குதிரைகள் மடிந்தாலும் கணக்கில் தெரியாது. அதோடு தலையெண்ணிக்கை மட்டுமே பலமும் அல்ல. குதிரைகள் சிறு குடும்பங்களாக வாழ்பவை. ஒரு பொலிகுதிரை சில பெண் குதிரைகளைத் தன்னோடு வைத்துக்கொள்ளும்; ஆண்களில் பல, வாழ்நாளில் ஒரு குட்டிக்கும் தந்தையாவதில்லை. எனவே நூறு குதிரைகள் கொண்ட மந்தை மரபணுக் கணக்கில் நூறு ஆகாது. அடுத்த தலைமுறைக்குத் தம் கூறுகளைக் கடத்துபவை அதில் ஒரு பங்குதான். ஓரளவு வளமாகத் தெரியும் மந்தையும் உள்ளுக்குள் மெலிந்திருக்கக்கூடும். மெலிவு கண்ணுக்குத் தெரியும்போது காலம் கடந்திருக்கும்.

அமெரிக்காவின் வட கரோலினாக் கரையோரத் தீவுகள் இதைப் பட்டு அறிந்துகொண்டன. அங்கு வாழும் பேங்கர் குதிரைகளும் ஸ்பானிய வழிவந்தவை. கொரோல்லா என்ற ஊருக்கு 1985-இல் தார்ச்சாலை திறந்துவிடப்பட்டதும் வாகனங்களில் அடிபட்டுக் குதிரைகள் சாகத் தொடங்கின. ஊர்மக்கள் 1989-இல் ஓர் அமைப்பைத் தொடங்கினார்கள். 1990களில் ஒருபுறக் கடலிலிருந்து மறுபுற நீர்ப்பரப்புவரை வேலி போட்டு, சாலை இல்லாத வடபகுதிக்குக் குதிரைகளை நகர்த்தினார்கள். சாவு குறைந்தது, ஆனால் வேறொன்று தெரியவந்தது. மந்தையிலுள்ள எல்லாக் குதிரைகளும் தாய்வழியில் ஒரே மரபைச் சேர்ந்தவை என்று மரபணு ஆய்வு காட்டியது. வேலி மட்டும் அந்தக் குறையைத் தீர்க்காது. 2014-இல் அதே கரையோரத்தின் சீடர் தீவிலிருந்து ஒரு பொலிகுதிரையைக் கொண்டுவந்து விட்டார்கள். தெற்கே ஷாக்கிள்ஃபோர்ட் தீவில் 1996-இல் தொற்று இரத்தசோகை கண்ட 76 குதிரைகள் கொல்லப்பட்டபோது மக்கள் கொதித்தெழுந்தார்கள். அதன் விளைவாக 1998-இல் அந்த மந்தைக்கென்றே தனிச் சட்டம் வந்தது. 2005-இல் அது திருத்தப்பட்டு, எண்ணிக்கை 110க்குக் கீழே போகக்கூடாது, 120 முதல் 130 வரை இருக்கவேண்டும் என்று எழுதப்பட்டது. கீழ் எல்லை ஒன்று சட்டத்திலேயே இருப்பதால், எப்போது கவலைப்படத் தொடங்கவேண்டும் என்பதில் அங்கே குழப்பம் இல்லை. அங்கே ஒவ்வொரு குதிரைக்கும் தனிப் பதிவேடும் உண்டு.

நெடுந்தீவில் இவற்றுக்கெல்லாம் முந்தியது தண்ணீர். சுண்ணாம்புக்கல் தீவு, மண் மெல்லியது, மழை பெரும்பாலும் ஐப்பசி முதல் மார்கழி வரை. அதன்பின் சோளகக் காற்று வீசும் நீண்ட மாதங்களில் குளங்கள் வற்றி, புல் கருகி, கிணறுகளில் உவர் ஏறும். வறட்சி முற்றிய ஆண்டுகளில் குதிரைகள் தாகத்தால் மடிந்தது செய்தியாக வந்திருக்கிறது. அடுத்த மழை பெய்ததும் அந்தச் செய்தி மறந்தும் போயிருக்கிறது. பவுசரில் நீர் கொண்டுபோய் ஊற்றுவது அந்த நேரத்து உயிரைக் காக்கும். அடுத்த ஆண்டுத் தாகத்தைத் தீர்க்கக் குளங்களைத் தூர்வாரவேண்டும், மழைநீரைத் தேக்கவேண்டும், மேய்ச்சல் வெளிகளில் தொட்டிகள் வேண்டும். இது யாழ்ப்பாணத்துக்குப் புதிதல்ல. கால்நடைகள் குடிக்கக் கேணி வெட்டி, அருகே அவை உடல் தேய்த்துக்கொள்ள ஆவுரஞ்சிக் கல் நட்டு, அதைத் தருமமாகக் கருதிய ஊர்கள் இவை. யாருடைய மாடு குடிக்கிறது என்று அந்தக் கேணிகள் கேட்டதில்லை. அந்தப் பழைய வழக்கத்தில் உடைமைக்காரன் இல்லாத குதிரைக்கும் இடமுண்டு.

இங்கே முதல் மறுப்பு எழும். குதிரை இந்த மண்ணுக்குரிய விலங்கே அல்ல. ஆளவந்தவன் விட்டுப்போன மிச்சம். அதற்காக ஏன் இத்தனை பாடு? உயிரியல் நோக்கில் இது நியாயமான கேள்வி. இலங்கைக்கே உரிய ஒரு காட்டினம் அழிவதும் இதுவும் ஒன்று என்று யாரும் சொல்லவேண்டியதில்லை. ஆனால் வந்ததெல்லாம் அந்நியம் என்றால், நெடுந்தீவுக்குப் பெயர்வாங்கித் தந்த பெருக்க மரம் ஆப்பிரிக்காவிலிருந்து வந்தது. யாழ்ப்பாணத்தின் மிளகாயும் புகையிலையும் கடல்கடந்து வந்தவை. வளர்ப்பு விலங்குகளைப் பொறுத்தவரை எங்கிருந்து வந்தது என்ற கேள்வியைவிட, வந்த இடத்தில் என்னவாக மாறியது என்ற கேள்வியே எடை கூடியது. நூற்றாண்டுக் கணக்கில் வெயிலும் உவர்நீரும் வறண்ட புல்லும் தேர்ந்தெடுத்துப் பிழைக்கவைத்த மந்தை இது. உலகம் வெப்பமாகிவரும் காலத்தில் அப்படியொரு தாங்குதிறன் சும்மா தூக்கிப்போடுவதற்கானதல்ல. தவிர, ஆளவந்தவனின் மிச்சம் என்பதாலேயே அது நம் வரலாற்றின் சான்றும் ஆகிறது. கோட்டையின் இடிந்த சுவருக்குத் தொல்லியல் பாதுகாப்புக் கேட்கும் நாம், அதே காலத்தின் உயிருள்ள எச்சத்தை விலக்கிவைப்பது பொருந்தாது.

இரண்டாவது மறுப்பு நேர் எதிரானது: தலையிடாமல் விடுவதே உயர்ந்த பாதுகாப்பு. இதற்குக் கனடாவின் சேபிள் தீவைக் காட்டுவார்கள். அங்கிருந்த குதிரைகளைப் பிடித்து விற்கும் திட்டம் வந்தபோது பள்ளிப் பிள்ளைகள் பிரதமருக்குக் கடிதம் எழுதினார்கள். 1961-இல் சட்டப் பாதுகாப்புக் கிடைத்தது. அதுமுதல் தீனியும் மருத்துவமும் இல்லாமலே மந்தை வாழ்கிறது. இன்று சுமார் 500 குதிரைகள். ஆனால் சேபிள் தீவில் ஊர் இல்லை, மாடு இல்லை, வேலி இல்லை. நன்னீர்க் குட்டைகள் உண்டு; அவை வற்றினால் குதிரைகள் மணலைக் குளம்பால் தோண்டி நீர் குடிக்கும். தீவில் கால்வைக்கவே அனுமதி வேண்டும். 2013 முதல் அது தேசியப் பூங்காக் காப்பிடம். விலகிநிற்பதைக்கூட அங்கே சட்டம் போட்டு, காவல் வைத்துத்தான் செய்கிறார்கள். சில ஆயிரம் மக்கள் வாழும், பவளக்கல் தரையில் தோண்டமுடியாத நெடுந்தீவுக்கு அந்த முறையை அப்படியே எடுத்துவர இயலாது.

மூன்றாவது மறுப்பே கனமானது. குடிநீருக்கும் மருத்துவத்துக்கும் கடல் ஓயும் நேரம் பார்த்திருக்கும் தீவு மக்கள், தங்களுக்குக் கிடைக்காதது குதிரைக்குக் கிடைப்பதை எப்படி ஏற்பார்கள்? கேள்வியில் நியாயம் இருக்கிறது. பதிலும் தண்ணீரில்தான் தொடங்கவேண்டும். தூர்வாரிய குளத்தில் குதிரை மட்டும் குடிப்பதில்லை. தீவின் மாடுகள் குடிக்கும், நிலத்தடி நீர் ஊறும், கிணற்று உவர் மட்டுப்படும். குதிரைக்காகச் செலவிடும் பணம் ஊருக்கும் பயன்படுமாறு திட்டமிட்டால் போட்டி என்ற பேச்சு எழாது. 2015-இல் தீவின் மூன்றில் ஒரு பங்குக்கு மேற்பட்ட நிலம், சுமார் 18 சதுர கிலோமீட்டர், தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்டது. பூங்கா என்ற சொல் மேய்ச்சலுக்கும் விறகுக்கும் தடை என்று மட்டும் மக்கள் காதில் விழுந்தால், குதிரை அவர்கள் கண்ணில் எல்லைக்கல்லின் காவலாளியாகத்தான் தெரியும். அமெரிக்காவின் சிங்கோட்டீக் தீவில் நேர்மாறாக நடந்தது. அங்கே குதிரைகளின் உடைமைக்காரர் ஊர்மக்களின் தன்னார்வத் தீயணைப்புக் குழு. பக்கத்துத் தீவில் மேயும் மந்தையை ஆண்டுதோறும் ஜூலையில் கால்வாய் நீந்தவைத்துக் கொண்டுவந்து, குட்டிகளை ஏலம் விட்டு, அந்த வருவாயில் தீயணைப்பு வண்டி வாங்குகிறார்கள். 1925 முதல் இது நடக்கிறது. நெடுந்தீவில் குட்டிகளை ஏலம் விடவேண்டும் என்பதல்ல இதன் பொருள். குதிரை பிழைத்தால் ஊருக்கு என்ன கிடைக்கும் என்பதற்கு அங்கே கையில் எண்ணிப்பார்க்கும் விடை இருக்கிறது. நெடுந்தீவிலும் பார்வையாளர் கட்டணத்தில் ஒரு பங்கு பிரதேச சபைக்குப் போகவேண்டும்; வழிகாட்டிகளும் காவலர்களும் கணக்கெடுப்பவர்களும் தீவின் பிள்ளைகளாக இருக்கவேண்டும்.

பார்வையாளர்கள் என்றதும் இன்னொரு ஐயம் வரும், வரவும் வேண்டும். கொரோல்லாவில் 2020-இல் ஒரு குட்டி, யாரோ தந்த ஆப்பிள் தொண்டையில் அடைத்துச் செத்தது. அங்கே குதிரையிலிருந்து 50 அடி தள்ளி நிற்கவேண்டும், தீனி தரக்கூடாது என்று சட்டம் இருந்தும் இது நடந்தது. கூட்டம் வருமுன்பே விதியை வகுத்து, அதைக் காக்க ஆளையும் நிறுத்தவேண்டும். மறுபக்கம், பாதுகாத்தால் மந்தை பெருகி மேய்ச்சலைத் தின்று தீர்த்துவிடாதா என்ற கேள்வியும் உண்டு. தீர்க்கும், அதற்கும் வழி இருக்கிறது. அமெரிக்காவின் அசட்டீக் தீவின் மேரிலாண்ட் பகுதியில் 1990களில் தொடங்கி, பெண் குதிரைகளுக்குத் தூரத்திலிருந்து எய்யும் ஊசியால் கருத்தடை மருந்து செலுத்தினார்கள். 2000களின் தொடக்கத்தில் 170ஐத் தாண்டியிருந்த மந்தை, ஒரு குதிரையையும் கொல்லாமல் நூற்றுக்கும் கீழே இறங்கியது. நிலம் எத்தனை குதிரையைத் தாங்கும் என்று கணக்கிட்டு, கீழ் எல்லையையும் மேல் எல்லையையும் முன்கூட்டியே வகுப்பது பாதுகாப்பின் பாதி வேலை.

ஆகவே செய்யவேண்டியவை மலைப்பூட்டுபவை அல்ல. முதலாவது கணக்கெடுப்பு: நிறம், நெற்றிச்சுட்டி, கால்வெள்ளை ஆகியவற்றைப் படமெடுத்து ஒவ்வொரு குதிரைக்கும் ஒரு பதிவு. யாழ்ப்பாணப் பல்கலைக்கழக மாணவர்களும் தீவின் இளைஞர்களும் சேர்ந்தால் ஒரு வறண்ட பருவத்தில் இதை முடிக்கலாம். கூடவே மரபணுச் சோதனை. அதற்கு மயிர்வேர் போதும், குதிரைக்கு நோவு இல்லை. அடுத்து, பேராதனைக் கால்நடை மருத்துவ பீடத்தின் உதவியோடு ஆண்டுக்கொரு முறை நோய்ப் பரிசோதனையும், சோளகத்துக்கு முன்பே முடிக்கவேண்டிய நீர் ஏற்பாடும். கடைசியாக ஒரு காப்பு மந்தை. எல்லா முட்டையையும் ஒரே கூடையில் வைக்கக்கூடாது என்பதை வட கரோலினாவின் சீடர் தீவு காட்டியது: 2019 செப்டெம்பரில் டோரியன் புயலோடு எழுந்த நீரில் அங்கிருந்த 28 குதிரைகள் ஒரே நாளில் அடித்துச்செல்லப்பட்டன. 1964 டிசம்பரில் தனுஷ்கோடியைத் தின்ற புயல் கடந்ததும் நெடுந்தீவைச் சூழ்ந்த இதே கடற்பரப்பைத்தான். மேடே இல்லாத ஒரு தட்டைத் தீவில் முழு மந்தையும் இருப்பது பெரிய ஆபத்து. பெருநிலத்தில், தக்க கண்காணிப்பில் ஒரு சிறு கூட்டத்தைப் பேணுவது தீவுக்காரரின் உரிமையைப் பறிப்பதாகாது. அது வங்கியில் வைத்த சேமிப்பு. வனஜீவராசிகள் திணைக்களமும் பிரதேச சபையும் தீவு மக்களும் ஒரே மேசையில் அமர்ந்து இதை முடிவுசெய்யவேண்டும்.

இவை எதற்கும் அபாக்கோவில் செலவானதைப்போல அரும்பாடு தேவையில்லை, ஏனெனில் இங்கே குதிரைகள் இன்னும் இருக்கின்றன. நூற்றுக்கணக்கான குதிரைகள் உள்ளபோது ஒரு தவறு செய்தால் அடுத்த ஆண்டு திருத்திக்கொள்ளலாம். மூன்று உள்ளபோது அந்த வாய்ப்பு இல்லை. அபாக்கோவில் இன்று மிஞ்சியிருப்பது, என்றாவது படியெடுத்துப் பிறப்பிக்கலாம் என்ற நம்பிக்கையில் சேமித்துவைத்த திசு மாதிரி. நெடுந்தீவில் மிஞ்சியிருப்பவை, சரியான எண்ணிக்கைகூடச் சொல்லமுடியாத அளவுக்கு உயிருள்ள குதிரைகள். முதலில் அவற்றை எண்ணுவோம்.